பேஸிஸ்ட் இல்லாத மேடையில் கீபோர்டு: ஒரே பெட்டியா, இரண்டா?

டிரம்மர், பாடகி, நான். மூன்று பேர் குழு. வாசிக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் இதில் பேஸிஸ்ட், அதாவது பேஸ் கிட்டார் வாசிக்கிறவர், இல்லை என்பதே மண்டையில் உறைத்தது. "இடது கையில போட்டுருங்கண்ணே, அவ்வளவுதானே" என்றார் டிரம்மர். வீட்டில் ஹெட்போன் மாட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மேடையில் எனக்கென்று இருந்தது ஸ்டாண்டில் ஏற்றிய 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) ஒன்று. முதல் பாட்டிலேயே கோளாறு. கீழே 'தும்' என்று ஒரு நோட் விழும்போதெல்லாம் வலக்கைப் பியானோ சட்டென்று உள்ளே போய் மெல்ல வெளியே வந்தது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து வால்யூமைத் திருகிக்கொண்டே இருப்பதுபோல. இடைவேளையில் டிரம்மர் வந்து, "பியானோ மூச்சு விடுதுண்ணே" என்றார். அவர் சொன்னது ரொம்பச் சரியான வார்த்தை.

அதற்குப் பிறகு பல வருடங்களில் ஒற்றை கீபோர்டு ஆம்ப், ஸ்டீரியோவாக இரண்டு ஸ்பீக்கர், தனி பேஸ் ஆம்ப், சப்வூஃபர் (அடிமட்ட ஒலிக்கென்றே உள்ள பெட்டி), ஆம்பே இல்லாமல் நேரே ஹவுஸ் சிஸ்டம் (அரங்கின் சொந்த ஒலி அமைப்பு) என்று எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்து பார்த்தாகிவிட்டது. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இடக்கை பேஸ் வாசிக்கிறவர் காசு செலவழிக்க வேண்டியது ஸ்டீரியோவுக்கு இல்லை. இடக்கையும் வலக்கையும் தனித்தனி வழியில் போவதற்குத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரே கோனில் இரண்டு வேலை

4 தந்தி பேஸ் கிட்டாரின் அடிமட்ட ஈ (E) நோட் 41.2 ஹெர்ட்ஸ். 88 கட்டை கீபோர்டில் இடது ஓரத்திலிருந்து எண்ணினால் 8-வது கட்டை. 5 தந்தி பேஸின் பி (B) இன்னும் கீழே, 30.9 ஹெர்ட்ஸ், அது 3-வது கட்டை. இந்த இடத்தில் ஸ்பீக்கர் கோன் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஓர் ஆக்டேவ் கீழே இறங்கி அதே சத்தம் வர வேண்டுமென்றால் கோன் முன்னும் பின்னும் போகிற தூரம் ஏறக்குறைய 4 மடங்காக வேண்டும். நடு ஸ்தாயியில் கண்ணுக்கே தெரியாமல் துடிக்கிற கோன், கீழ் ஈ-யில் விரல் வைத்தால் தள்ளுகிற அளவுக்கு அசையும்.

பவர்டு ஸ்பீக்கர்களில் வூஃபருக்கும் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய கோன்) ஹார்னுக்கும் (உயர்ந்த ஒலிக்கானது) இடையிலான எல்லை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். பியானோவின் கடைசி ஓர் ஆக்டேவ் நீங்கலாக மற்ற எல்லாக் கட்டைகளின் அடிப்படை அதிர்வும் அந்த எல்லைக்குக் கீழேதான். அதாவது, வலக்கையில் நீங்கள் வாசிக்கும் மெலடியும் கார்டும் பேஸ் நோட்டை இழுத்துக்கொண்டு ஓடுகிற அதே கோனில்தான் சவாரி செய்கின்றன. பேஸ் பலமாக விழுந்ததும் ஸ்பீக்கருக்குள் இருக்கும் லிமிட்டர் கோனைக் காப்பாற்ற எல்லாவற்றையும் சேர்த்து இறக்குகிறது. என் பியானோ மூச்சு விட்டது இதனால்தான். லிமிட்டர் வேலை செய்யாத அளவில் வாசித்தாலும், பெரிதாக அசையும் கோனின் மேல் ஏறிய நடு ஸ்தாயி கலங்கித்தான் ஒலிக்கும். பேட்சை (கீபோர்டில் தேர்ந்தெடுக்கும் ஒலியை) மாற்றியோ ஈக்யூவை (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) திருகியோ இதைச் சரிசெய்ய முடியாது. நான் ஆறு மாதம் முயன்றேன்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 1,000, 2,000 என்று அச்சடிப்பது பெரும்பாலும் பீக் அளவு, ஒரு கணத்துக்கு மட்டும் தாங்குவது. வாட்ஸ் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதனால் அந்த எண்ணைவிட, எவ்வளவு தாழ்வு வரை போகிறது என்ற வரியைப் படியுங்கள். அதையும் பக்கத்தில் போட்டிருக்கும் மைனஸ் எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும். '45 ஹெர்ட்ஸ், மைனஸ் 10 டெசிபல்' என்றால் 45 ஹெர்ட்ஸ் வரும், ஆனால் மற்ற இடத்தோடு ஒப்பிட்டால் பாதிச் சத்தத்தில்தான் வரும் என்று அர்த்தம். பெருமையாகப் போட்டிருக்கும் அந்த 45-ஐ நம்பி ஒரு பெட்டி வாங்கியவன் நான்.

கீபோர்டு ஆம்ப்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். சதுரமான கறுப்புப் பெட்டி, 12 அல்லது 15 அங்குல வூஃபர், ஒரு சின்ன ட்வீட்டர், மூன்று நான்கு சேனல். தரையில் வைத்தால் பேஸ் தாராளமாக வரும். டிரம்மரும் சந்தோஷப்படுவார். ஆனால் ஒலி உங்கள் முழங்காலுக்குப் போகும். காதுக்கு வந்து சேர்வது போர்வை போர்த்திய பியானோ. சேனல் தனித்தனி என்பதால் இடக்கை வால்யூமைத் தனியாக ஏற்றி இறக்கலாம் என்பது ஒரு வசதிதான், ஆனால் கடைசியில் எல்லாம் ஒரே கோனுக்குத்தான் போகிறது. ஒத்திகை அறைக்கு இதைவிட வசதியான பெட்டி கிடையாது. ஏற்கெனவே இருந்தால் விற்காதீர்கள், பேஸ் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பின்னால் வருகிறேன்.

ஒரே ஒரு பவர்டு ஸ்பீக்கர்

பெரும்பாலானோர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு கையில் கீபோர்டு, மறு கையில் ஸ்பீக்கர், ஒரே நடையில் மேடை. பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் கீபோர்டு ஆம்பைவிடத் தெளிவாக இருக்கும். இடக்கை பேஸோடு இதை ஓட்டியே ஆக வேண்டுமென்றால் மூன்று காரியம் செய்யலாம்.

முதலில், ஸ்டாண்டிலிருந்து இறக்குங்கள். ஸ்பீக்கர் தரையில் உட்கார்ந்தால் பேஸுக்குத் தரையின் உதவி கிடைக்கும். பின்னால் சுவரும் நெருக்கமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு பரப்பும் அடிமட்டத்தில் 6 டெசிபல் வரை கூட்டும். மானிட்டர்போலச் சாய்த்து, ஹார்ன் முகத்தைப் பார்க்கும்படி வைத்தால் பியானோவும் கெடாது. ஆனால் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும். 41 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 8.3 மீட்டர்; அதில் கால் பங்கு 2 மீட்டர் சொச்சம். சுவரிலிருந்து சரியாக அந்தத் தூரத்தில் ஸ்பீக்கரை வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதி உங்கள் ஈ-யைத் தின்றுவிடும். மேடையின் நடுவில் அழகாக வைத்த ஸ்பீக்கரில் ஒரு நோட் மட்டும் காணாமல் போகிற மாயம் இதுதான்.

இரண்டாவது, பேட்ச். நம் காதுக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. 41 ஹெர்ட்ஸே வராவிட்டாலும், அதன் மேல் அடுக்குகளான 82, 123, 165 ஹெர்ட்ஸ் வந்தால் போதும், மூளை 41-ஐத் தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். கைப்பேசியின் துக்கடா ஸ்பீக்கரில்கூடப் பேஸ் லைன் புரிவது இப்படித்தான். அதனால் சின்னப் பெட்டிக்கு உருண்டையான, ஆழமான சிந்த் (சிந்தசைசர்) பேஸ் ஆகாது. அதில் மேல் அடுக்கே இருக்காது. விரல் சத்தம் கேட்கிற எலக்ட்ரிக் பேஸ், இல்லை லேசாக ஓவர்டிரைவ் ஏற்றிய பேட்ச் எடுங்கள். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கோனை வீணாக ஆட்டுவதைத் தவிர அங்கே எதுவும் நடப்பதில்லை. வலக்கைப் பியானோவிலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையுங்கள். வீட்டில் தனியாகக் கேட்டால் பியானோ மெலிந்து தெரியும். குழுவோடு கேட்டால் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, வால்யூமை அடக்கி வைப்பது. மென்மையான ஜாஸ் கச்சேரியில் நடக்கும். டிரம்மர் குச்சியை ஓங்கினால் நடக்காது.

12-ஆ 15-ஆ என்று எப்போதும் கேட்பார்கள். 15 அங்குலக் கோனின் பரப்பு 10 அங்குலத்தைப்போல 2.25 மடங்கு, 12 அங்குலத்தைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஒரே பெட்டிதான் என்று முடிவாகிவிட்டால், அதுவும் இடக்கைதான் முக்கியம் என்றால், 15 நியாயமான தேர்வு. நான் 12-ஐத்தான் வைத்திருக்கிறேன். பெரிய கோன் நடு ஸ்தாயியில் பக்கவாட்டில் சரியாகப் பரவாது. ஸ்பீக்கருக்கு நேராக உட்கார்ந்தால் ஒரு பியானோ, ஓர் அடி தள்ளி உட்கார்ந்தால் வேறு பியானோ.

ஸ்டீரியோ ஜோடி

இதன் மேல் எனக்கு ஆசை உண்டு, மரியாதையும் உண்டு. நல்ல பியானோ சாம்பிளை இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்தவருக்குத்தான் தெரியும். சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரைப் பாவனை செய்யும் எஃபெக்ட் ஸ்டீரியோவில் நிஜமாகவே தலையைச் சுற்றி வரும். ஆனால் அந்தச் சுகம் வாசிக்கிறவருக்கு மட்டும். கேட்பவர்களில் பாதிப்பேர் ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள், ஹவுஸ் சிஸ்டமும் பல இடங்களில் மோனோதான்.

பேஸுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. இரண்டு பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே பேஸை எழுப்பினால் அடிமட்டம் 6 டெசிபல் வரை கூடும். ஒவ்வொரு கோனுக்கும் சுமையும் பாதி. மூச்சு விடுவது குறையும், நிற்காது. அவ்வளவு எடை சுமப்பதென்றால் அதே எடையில் இதைவிட நல்ல வழி இருக்கிறது.

தனி பேஸ் ஆம்ப்

இங்கே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

இடக்கைக்கு ஒரு பேஸ் கிட்டார் ஆம்ப், வலக்கைக்கு ஒரு பவர்டு ஸ்பீக்கர். யோசனை ஒன்றும் புதிதில்லை. 1960-களில் தி டோர்ஸ் என்ற ராக் குழுவின் கீபோர்டு கலைஞர் ரே மன்சாரக் மேடையில் செய்ததும் இரண்டு கையையும் பிரிப்பதைத்தான். வலக்கைக்கு ஆர்கன், அதன் தலைமேல் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸ் என்ற 32 கட்டைக் கருவி, இடக்கைக்கு. இரண்டு கைக்கும் இரண்டு கருவி. அந்தப் பியானோ பேஸில் நோட்டின் தொடக்கம் கூர்மையாக இருக்காது, மொத்தையாக விழும். ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது பல பாடல்களுக்குப் பேஸ் கிட்டார் கலைஞர்களையே அழைத்துக்கொண்டார்கள். ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் வேறு விதம்: ஹாமண்ட் ஆர்கனின் கீழ் வரிசையில் இடக்கையால் பேஸ் நடை போட்டு, காலால் பெடலை லேசாகத் தட்டி நோட்டுக்கு ஓர் இடி சேர்ப்பார். இரண்டு பேரின் கதையிலும் ஒரே விஷயம்தான் முன்னால் நிற்கிறது. இடக்கை பேஸில் ஆழம் கிடைத்துவிடும், நோட்டின் முனைதான் கிடைக்காது. பேஸ் ஆம்ப் அதைத்தான் தருகிறது. பேஸ் கிட்டாரின் முதல் தட்டலைத் தள்ளுவதற்கென்றே செய்த கோன், அதற்கேற்ற பெட்டி, வேறு எதையும் சுமக்க வேண்டிய கட்டாயமில்லை.

இதை முதன்முதலாக மாட்டி ஒத்திகை பார்த்த நாள் நினைவிருக்கிறது. பேஸ் ஆம்பை டிரம்மரின் ஹை-ஹாட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தோம். நாலு பார் ஓடியதும் அவர் கிக் டிரம்மைக் கொஞ்சம் மெதுவாக மிதிக்க ஆரம்பித்தார். நான் எதுவும் சொல்லவில்லை. பேஸ் அவர் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது, அவருக்கு ஓங்கி மிதிக்க அவசியமில்லாமல் போயிற்று. என் வலக்கைப் பியானோவோ பாதி வால்யூமிலேயே எல்லோருக்கும் கேட்டது.

சிக்கல் இல்லாமல் இல்லை. கீபோர்டிலிருந்து வரும் லைன் அளவு, பேஸ் கிட்டார் தருவதைவிட வலுவானது. ஆம்பில் ஆக்டிவ் இன்புட் அல்லது பேட் பொத்தான் (சிக்னலைக் குறைப்பது) இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் கீபோர்டில் குறைத்துக்கொள்ளுங்கள். நேரே முழு அளவில் கொடுத்தால் முன் கட்டத்திலேயே கரகரக்கும். எடை, இன்னொரு மின்சார இணைப்பு, இன்னொரு கேபிள் எல்லாம் கூடவே வரும். இன்னொன்று: பேஸ் ஆம்பில் சத்தம் எப்படி இருக்கிறதோ அதுதான் மேடையில் பேஸ், நீங்கள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் உங்களுக்கே சரியாகக் கேட்காது. ஆம்பைக் கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் வையுங்கள்.

பெரிய பேஸ் ஆம்ப் தேவையில்லை. பியானோவின் சுமை இல்லாததால் 12 அங்குலக் கோன் ஒன்று போதும். மேலே சொன்ன பழைய கீபோர்டு ஆம்பும் இந்த வேலைக்கு வரும். 15 அங்குல வூஃபர், தரையில் நிற்கும் பெட்டி, முழங்காலுக்குப் போகும் ஒலி: பியானோவுக்குக் குற்றமாக இருந்ததெல்லாம் இங்கே குணம்.

இரண்டு கம்பிக்கு என்ன வழி?

எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பேஸை மட்டும் தனி அவுட்புட்டில் அனுப்ப வேண்டும். நார்டு ஸ்டேஜ் போன்ற சில கீபோர்டுகளில் 4 அவுட்புட் இருக்கிறது. பேஸ் பகுதியை மூன்றாவதற்குத் திருப்பிவிட்டால் கதை முடிந்தது. இடதும் வலதும் மட்டும் இருக்கும் கீபோர்டில் பேன்தான், ஒலியை இடவலமாகத் தள்ளும் அமைப்புதான், கைகொடுக்கும். ஸ்ப்ளிட் போட்டு, அதாவது கட்டைகளை இடக்கைக்கும் வலக்கைக்கும் இரண்டாகப் பிரித்து, பேஸ் பகுதியை முழுக்க இடப்பக்கம், வலக்கைப் பகுதியை முழுக்க வலப்பக்கம் தள்ளுங்கள். இடது ஜாக்கிலிருந்து பேஸ் ஆம்ப், வலது ஜாக்கிலிருந்து ஸ்பீக்கர். செலவே இல்லாத வேலை, நான் மூன்று வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

பிடிக்க வேண்டிய ஓட்டைகள் இரண்டு. ரிவெர்பும் கோரஸும் பல கீபோர்டுகளில் பேனுக்குப் பிறகு ஸ்டீரியோவாக வரும். பேஸுக்கு ரிவெர்ப் வைத்திருந்தால் அது வலப்பக்கம் ஒழுகும், பியானோ ரிவெர்ப் பேஸ் ஆம்பில் முணுமுணுக்கும். பேஸ் பகுதியில் எல்லா எஃபெக்டையும் அணைத்துவிடுங்கள், ஒழுகல் பாதி நிற்கும். அடுத்தது பியானோ. ஸ்டீரியோ சாம்பிளை ஒரு பக்கமாகத் தள்ளும்போது சில கருவிகளில் அதன் பாதிதான் கிடைக்கும், சிலவற்றில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நடு ஸ்தாயி பள்ளமாகும். 'மோனோ' என்று பெயர் போட்ட பியானோ பேட்ச் இருந்தால் அதை எடுங்கள். வீட்டில் மட்டமாகத்தான் தோன்றும். மேடைக்கென்று செய்தது அது.

சஸ்டெயின் பெடல் இடக்கைப் பகுதியைத் தொடக்கூடாது. ஸ்ப்ளிட் அமைப்பில் அந்தப் பகுதிக்கு மட்டும் பெடலை அணைக்கலாம். மறந்தால் மூன்று பேஸ் நோட் ஒன்றாகக் குழைந்து ஓடும். பேஸ் பேட்ச் மோனோவாக, ஒரு நேரத்தில் ஒரு நோட் என்று இருக்கட்டும். இரண்டு கட்டையை ஒன்றாக அழுத்தினால் கீழே உள்ளதை ஒலிக்கச் சொல்லும் அமைப்பு இருந்தால் இன்னும் நல்லது. 1970-இல் வந்த மினிமூக் அப்படித்தான் வேலை செய்தது. 61 கட்டை கீபோர்டில் இடது ஓரத்து சி (C) 65.4 ஹெர்ட்ஸ், அதனால் பேஸ் பகுதியை ஓர் ஆக்டேவ் இறக்க வேண்டும். 88 கட்டையில் இறக்க வேண்டாம், ஆனால் 8-வது கட்டைக்கு இடப்பக்கம் போகிற ஆசையை அடக்குங்கள். 4 தந்தி பேஸ் கிட்டார் அங்கே போகாது, உங்கள் ஆம்பும் போகாது. சி வேண்டுமென்றால் மேலே இருக்கும் சி-யை வாசியுங்கள், அதுதான் பேஸ்போலக் கேட்கும்.

டாப்பும் சப்பும்

பேஸ் ஆம்புக்குப் போட்டி இதுதான். மேலே 'டாப்' என்று 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, கீழே சப்வூஃபர் ஒன்று, எல்லை 100 ஹெர்ட்ஸ். கீழ் ஈ-யிலிருந்து மேலே ஓர் ஆக்டேவுக்கும் கொஞ்சம் அதிகமாக, 98 ஹெர்ட்ஸ் ஜி வரை, பேஸின் அடிப்படை முழுவதும் சப்புக்குப் போய்விடும். மேல் ஸ்பீக்கரின் கோன் விடுதலையாகி, பியானோ மூச்சு விடுவது அடியோடு நிற்கும். அவுட்புட்டைப் பிரிக்க வேண்டியதில்லை, பேன் வித்தை தேவையில்லை, மேல் ஸ்பீக்கர் இரண்டாக இருந்தால் பியானோவும் ஸ்டீரியோவாகவே இருக்கலாம். ஒலித் தரத்தை மட்டும் வைத்துச் சொன்னால் இதுதான் மேல்.

இருந்தும் நான் இதை விட்டேன். சப்பின் எடை ஒரு காரணம். வேறு யாரும் தூக்க உதவாத இரவில் அது தெரியும். பெரிய காரணம் வேறு. பேஸின் வால்யூமும் பியானோவின் வால்யூமும் ஒரே கம்பியில் போகின்றன. பாட்டுக்குப் பாட்டு பேஸை மட்டும் கொஞ்சம் ஏற்ற வேண்டுமென்றால் கீபோர்டு திரைக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது. பேஸ் ஆம்பில் கை நீட்டி ஒரு குமிழைத் திருகினால் முடிந்தது. சப்பை ஏற்றினால் பேஸின் அடிவயிறு மட்டும் ஏறி நோட்டின் முனை அங்கேயே நிற்கும், 'பூம்' என்று ஆகிவிடும். நடன நிகழ்ச்சிகளில் சிந்த் பேஸ் வாசிக்கிறவர் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள், சப்பை வாங்குங்கள். 40 ஹெர்ட்ஸ் நிஜமாகவே வேண்டிய இசை அது.

மெலிந்த தூண்போல நிற்கும் 'காலம்' (column) ஸ்பீக்கர்களும் இந்த வகைதான். பாட்டுக்கும் பேச்சுக்கும் அருமையாகப் பரவும். கீழே இருக்கும் பெட்டியின் அளவைப் பாருங்கள். இடக்கையின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது.

ஹவுஸ் சிஸ்டத்தை நம்பிப் போவது

பெரிய அரங்கு, நல்ல சப்கள், அனுபவமுள்ள சவுண்ட் இன்ஜினியர். இங்கே உங்கள் ஆம்ப் யாருக்கும் தேவையில்லை. நீங்கள் அனுப்புகிற கம்பிதான் உங்கள் ஒலி.

இப்படி ஓர் அரங்கில் கீபோர்டை ஸ்டீரியோவாக, இடது வலது இரண்டு கம்பியில் கொடுத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். மானிட்டரில் எல்லாம் நன்றாக இருந்தது. வெளியே பேஸே இல்லை என்று நண்பர் ஒருவர் ஓடி வந்து சொன்னார். மிக்சருக்குப் போய்ப் பார்த்தால் கீபோர்டு சேனல் இரண்டிலும் லோ-கட் (அடிமட்ட ஒலியை வெட்டும் பொத்தான்) 100 ஹெர்ட்ஸில் அழுத்தியிருந்தது. சவுண்டுக்காரர் தப்பு ஏதும் செய்யவில்லை. கீபோர்டு சேனல் என்றால் கை தானாகவே லோ-கட்டுக்குப் போகும். பத்தில் ஒன்பது மேடையில் அதுதான் சரி, ஏனென்றால் அங்கே பேஸிஸ்ட் தனியாக இருப்பார். "தம்பி, பேஸ் வேற வருதுன்னு நான் நினைச்சேன். சொல்லியிருந்தா தனி சேனல் போட்டிருப்பேனே" என்றார் அவர். சொல்லத்தான் இல்லை.

அன்றிலிருந்து இரண்டு டிஐ பாக்ஸ், கீபோர்டு சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சின்னப் பெட்டிகள். ஒன்றின் மேல் வெள்ளை டேப் ஒட்டிப் பெரிதாக 'பேஸ்' என்று எழுதியிருக்கிறேன், மற்றதில் 'பியானோ'. கம்பி மேடைப் பெட்டியில் ஏறும்போதே அது பேஸ் சேனல் ஆகிவிடுகிறது: லோ-கட் கிடையாது, கம்ப்ரஸர் உண்டு, சப்புக்குப் போகும். அதே பேன் வித்தைதான் இங்கேயும். ஸ்டீரியோ போனது பற்றி ஒருவரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

டிஐ-யில் ஒரு நுணுக்கம். மலிவான பாஸிவ் டிஐ-க்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், தாழ்ந்த அதிர்வும் வலுவான சிக்னலும் சேர்ந்து வந்தால் திணறிவிடும். பியானோவுக்கு அது போதும்; பேஸ் கம்பிக்கு நல்ல டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதோ ஆக்டிவ் டிஐ-யோ வையுங்கள். ஹம் வந்தால் முதலில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டிப் பாருங்கள். கீபோர்டிலிருந்து டிஐ வரைக்கும் உள்ள சாதாரணக் கேபிள் 5, 6 மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

இந்த வழியின் குறை, உங்கள் காதுக்கு வருவது இன்னொருவர் கையில் இருக்கிறது என்பது. மேடை மானிட்டரில் பேஸ் போதவில்லை என்றால் இடக்கை தன்னையறியாமல் ஓங்கி அடிக்கத் தொடங்கும், வெளியே அது இரட்டிப்பாகக் கேட்கும். பேஸ் பேட்சில் தொடுவிசைக்கு ஏற்ப வால்யூம் மாறுவதைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறேன், இந்த ஆபத்துக்காகவே. இன்-இயர் (காதுக்குள் மாட்டும் மானிட்டர்) வைத்தால் நோட் துல்லியமாகக் கேட்கும், உடம்புக்கு வராது. சிலர் இருக்கைக்கு அடியில் அதிர்வுக் கருவி பொருத்திக்கொள்கிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை, நான் 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கூடவே எடுத்துப்போய் என் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

எதற்கு எது

ஹவுஸ் சிஸ்டம் இல்லாத, அல்லது பாட்டுக்கு மட்டும் சிஸ்டம் உள்ள சின்ன இடங்கள்தான் உங்கள் பிழைப்பு என்றால், பேஸ் ஆம்பும் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏற்கெனவே 12 அங்குல ஸ்பீக்கர் இருந்தால் அடுத்துக் காசு சேர்க்க வேண்டியது பேஸ் ஆம்புக்கு. அதே மாடலில் இன்னொரு ஸ்பீக்கருக்கு இல்லை. பெரும்பாலும் பெரிய மேடை என்றால் ஆம்பை மறந்துவிட்டு நல்ல டிஐ இரண்டு வாங்குங்கள். எலக்ட்ரானிக் நடன இசை என்றால் டாப், சப். மாதத்துக்கு ஒரு தடவை, அமைதியான இசை, பேருந்தில்தான் போக வேண்டும் என்றால் ஒற்றை ஸ்பீக்கரைத் தரையில் சாய்த்து வைத்துச் சமாளிக்கலாம். தப்பில்லை.

எந்த அமைப்பாக இருந்தாலும் ஒலி பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். 8-வது கட்டையிலிருந்து அரை அரைச் சுரமாக ஓர் ஆக்டேவ் மேலே, ஒரே அழுத்தத்தில், நிதானமாக ஏறுங்கள். ஏதாவது ஒரு நோட் துள்ளும், ஏதாவது ஒன்று காணாமல் போகும். எதிரெதிர்ச் சுவர்கள் 4 மீட்டர் இடைவெளியில் இருக்கிற அறையில் 43 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீழ் எஃப் அருகே, முழங்கும். அதை ஈக்யூவில் கொஞ்சம் இறக்குங்கள், அல்லது பெட்டியை ஓரிரு அடி நகர்த்துங்கள். பிறகு யாரையாவது கட்டையை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் இறங்கிப் போய் நடந்து கேளுங்கள். வீட்டில் மெதுவான சத்தத்தில் அமைத்த பேட்ச் மேடைச் சத்தத்தில் எப்போதும் பேஸ் கூடுதலாகத்தான் கேட்கும். சத்தம் ஏற ஏறக் காது அடிமட்டத்தை இன்னும் நன்றாகக் கேட்கும், அதுதான் காரணம். கீழே 2, 3 டெசிபல் குறைத்துவிட்டு, 800 ஹெர்ட்ஸ் பக்கம் அதே அளவு ஏற்றிப் பாருங்கள். மேடையில் உட்கார்ந்து கேட்டால் பேஸ் ஒல்லியாகிவிட்டதாகத் தோன்றும். கடைசி வரிசைக்கு நோட் நோட்டாகப் போய்ச் சேரும்.